வெள்ளிக் கிண்ணமும் வெயிட்டிங் லிஸ்டும்

1

எங்கள் சபைக்குப் புதிதாக வருகிற இந்தியர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி குருவானவர் கேட்டார். "உங்கள் மொழியில், உங்கள் மக்களுக்கு" என்றார். வருகிறவர்களில் பாதிப் பேர் மலையாளிகள், ஒரு குடும்பம் பஞ்சாபி என்று சொன்னேன். மனதுக்குள்தான் சொன்னேன். வெளியே தலையை ஆட்டினேன்.

எழுதியும் கொடுத்துவிட்டேன். ஆராதனை காலை பத்து மணி, கார் நிறுத்துமிடம் பின்பக்கம், யாவரும் வருக. அதைப் பிரதி எடுத்து வாசல் மேசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் எழுத முடியாததை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் மகளோ மருமகனோ நாளைக்கு இங்கே விமானம் ஏறி வரக்கூடும். அவர்களுக்கு வாசல் மேசைத் தாளைவிட இது உபயோகப்படும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். திருநெல்வேலிப் பக்கம். நர்ஸ் வேலைக்கு வந்த என் அக்கா எங்களைக் கூப்பிட்டுக்கொண்டதால் எண்பதாம் வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் மகள் ஷீபாவும் நியூ ஜெர்சிக்கு வந்தோம். இந்த மாதத்தோடு எட்டு வருஷம். இந்த எட்டு வருஷத்தில் சபையார் என்னை நான்கு தடவை 'புதியவர்' என்று வரவேற்றிருக்கிறார்கள்.

2

சபையைச் சொல்கிறேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து காரில் பத்து நிமிஷம். கல் கட்டடம், சிவப்புக் கதவு. எபிஸ்கோபல் சபை என்பார்கள். நம் தென்னிந்தியத் திருச்சபைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை ஆகவேண்டும். ஊரிலிருந்து வரும்போது எங்கள் ஊர்ப் பாதிரியார், ஐயர் என்போம், கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, 'இந்தக் குடும்பம் நற்கருணை பெறத் தகுதியுள்ளது' என்று ஒரு கடிதம் கொடுத்தார். இரண்டு மாதம் அலைந்து வாங்கிய கடிதம். இங்கே அதை வாங்கி, "எவ்வளவு அழகான எழுத்து!" என்று சொல்லி, ஒரு கோப்பில் போட்டு மூடினார்கள். ஒருவரும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

உள்ளே இருநூறு பேர் உட்காரலாம். முப்பது பேர் உட்காருகிறார்கள், ஒருவர் காற்று இன்னொருவர் மேல் படாதபடி. அந்த முப்பது பேருக்குப் பன்னிரண்டு கமிட்டி. பூ வைக்க ஒன்று, மெழுகுவர்த்திக்கு ஒன்று, பழைய துணி விற்க ஒன்று. புதியவர்களை வரவேற்கும் கமிட்டியில் மூன்று பேர். மூவரும் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடா போய்விடுவதால் டிசம்பர் முதல் மார்ச் வரை எங்கள் சபையில் வரவேற்பு கிடையாது. ஜெபப் புத்தகத்தை மாற்றி எத்தனையோ வருஷமாகிவிட்டது. பழைய புத்தகக்காரர்கள் இன்னும் இடதுபக்கம், புதிய புத்தகக்காரர்கள் வலதுபக்கம். சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும் நடுவில் வந்து கையைக் குலுக்கிவிட்டு அவரவர் பக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆராதனை முடிந்ததும் காப்பி நேரம். எனக்குக் கூட்டத்தில் நின்று பேச வராது. சமையலறைக்குப் போய்க் கோப்பை கழுவுவேன். கோப்பை கழுவுகிறவளுக்குக் காது கேட்காது என்று இவர்களுக்கு ஓர் எண்ணம். சபையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குழாயடியில் கேட்டதுதான்.

சபையை நடத்துகிறவர் குருவானவர் ரோஜர் என்று பலகையில் எழுதியிருக்கும். நம்ப வேண்டாம். நடத்துகிறவர் மிஸஸ் விட்லாக். எழுபது வயது, முதுகு வளையாது, குரல் உயராது. பீடத்துத் துணி, வெள்ளிச் சாமான், பூ எல்லாம் அவர் பொறுப்பு. நற்கருணையில் அப்பத்துக்குப் பின் திராட்சரசக் கிண்ணம் கொடுப்பவரும் அவரே. கீழ்த்தளத்தில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் நர்சரியும் அவர் கையில். நான் அந்த நர்சரியில் உதவியாள். மூக்குத் துடைப்பது, சாறு ஊற்றுவது, ஈரமான கால்சட்டை மாற்றுவது. ஜெயசீலி என்ற பெயர் அவர் வாயில் நுழையாது. "ஜெய்" என்பார்.

நர்சரியில் பதினைந்து பிள்ளைகளுக்குத்தான் இடம். சபைக் குடும்பங்களுக்கு முதலிடம் என்பது எழுதாத சட்டம். எழுதாத சட்டம் நம் ஆட்களுக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடுகிறது! வரிசையாக வர ஆரம்பித்தார்கள். பிள்ளை கீழ்த்தளத்தில் இருக்கும்வரை பெற்றோர் மேல்தளத்தில் முழங்கால் போடுவார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் இவர்களையும் காணாது. மிஸஸ் விட்லாக்குக்கு இது தெரியும். வருகிற தலைகளை எண்ணி மேலிடத்துக்கு எழுதவேண்டுமே, அதனால் தெரியாததுபோல் இருப்பார். ஞாயிறுதோறும் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு, கூடவே ஆண்டவரையும் ஏமாற்றுவதை நான் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

போன வசந்தகாலத்தில் வசந்தா வந்தாள். மெட்ராஸ்காரி, முப்பது வயது, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கணவர் ரமணி கம்ப்யூட்டர் வேலை. மூன்று வயதுப் பெண் நித்யா. வந்த முதல் நாளே பட்டுப்புடவை, நெற்றியில் குங்குமம், தலையில் பூ. நேரே முதல் பெஞ்ச். காப்பி நேரத்தில் மிஸஸ் விட்லாக்கிடம் தானாகவே, "நாங்கள் இந்துக்கள். ஆனால் எல்லாத் தெய்வமும் ஒன்றுதானே" என்றாள். மிஸஸ் விட்லாக், "எவ்வளவு சுவாரசியம்!" என்றார். இவர்கள் சுவாரசியம் என்று சொன்னால் கதவைச் சாத்துகிறார்கள் என்று அர்த்தம். வசந்தாவுக்கு அது தெரியாது.

என்னைக் கண்டதும் சமையலறைக்குள் வந்துவிட்டாள்.

"நீங்க தமிழா? அப்பாடா! நர்சரில நீங்கதானே இருக்கேள்? லிஸ்ட்ல எங்க நித்யா எத்தனையாவது?"

பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. எத்தனையாவது என்று கேட்டாள். மூன்றாவது என்றேன்.

"ஜூன் ஒண்ணாந்தேதி எனக்கு வேலை. மருந்துக் கம்பெனி லேப். ரெண்டு வருஷம் க்ரீன் கார்டுக்காக வீட்ல உக்காந்துண்டு இருந்தேன். அதுக்குள்ள கிடைச்சுடுமோல்லியோ?"

"மிஸஸ் விட்லாக் கையிலதான் இருக்கு."

"அப்ப வாராவாரம் வந்துடறேன்" என்றாள், பஸ் நேரம் விசாரித்து முடித்தவள்போல.

வந்தாள். இரண்டாவது வாரம் எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போவதைப் பார்த்து அவளும் போனாள். குருவானவர் அப்பம் கொடுத்தார்; வலது கையை இடது கைமேல் வைத்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாதியைத் தின்று, மீதிப் பாதியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். கிண்ணம் வந்ததும் அண்ணாந்து ஒரு மிடறு. திரும்பி வந்து முடிச்சை அவிழ்த்துப் பாதி அப்பத்தைக் குழந்தை வாயில் போட்டாள்.

தூள் தரையில் விழுந்தது. மிஸஸ் விட்லாக் ஆராதனை முடிந்ததும் முழங்காலிட்டு அந்தத் தூளை விரலால் ஒற்றி எடுத்ததை நான் பார்த்தேன். அந்தம்மாவுக்கு அப்பத்தின்மேல் உண்மையாகவே பக்தி உண்டு. மனுஷர்மேல் இல்லாததால் அது முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

4

மூன்று வாரம் இப்படி நடந்தது. நாலாவது வாரம் குழாயடிக்கு மிஸஸ் விட்லாக்கே வந்தார். கூடவே குருவானவரும்.

"ஜெய், உன் சிநேகிதியிடம் நீ ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா? ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்று. நாங்கள் சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும்."

குருவானவர் தாடியைத் தடவினார். "ஆண்டவருடைய பந்தி எல்லோருக்கும் பொதுதான். ஆனாலும் சட்டம் என்று ஒன்று..." என்று ஆரம்பித்து, மிஸஸ் விட்லாக்கின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அடுத்த வாரம் நர்சரிப் பட்டியலை முடிவு செய்கிறோம்" என்றார் மிஸஸ் விட்லாக்.  மீதியைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

வசந்தா என் சிநேகிதி என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? இரண்டு பேரும் புடவை கட்டுகிறோம், அவ்வளவுதான். ஊரில் இருந்திருந்தால் அவள் வீட்டு வாசல்படியைத் தாண்டி நான் போயிருக்கமாட்டேன் என்பதை இவர்களுக்கு எந்த இங்கிலீஷில் விளக்குவது?

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நமக்கு எதுக்கு இந்த வம்பு? வெள்ளக்காரியும் ஆகாது, அவளும் ஆகாது. வாய மூடிட்டு இரி" என்றார்.

"எட்டு வருஷமா அதத்தான செய்யுதேன்."

ஷீபா ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்கி, "மம், ஜஸ்ட் டெல் ஹெர்! இட்ஸ் நாட் அ பிக் டீல்" என்றாள். பதினாலு வயது. பீடத்தில் மெழுகுவர்த்தி பிடிக்கிறவள். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். அவளுக்கு எதுவும் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயங்களையெல்லாம் நாங்கள் கப்பலேற்றாமல் ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

5

சனிக்கிழமை போனேன். சபையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அவர்கள் அபார்ட்மெண்ட். ரமணி துணி துவைக்கும் கடைக்குப் போயிருந்தார்.

"வாங்கோ, வாங்கோ! உக்காருங்கோ. காப்பி கலக்கறேன்."

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு சோபா நுனியில் உட்கார்ந்தேன். சொல்லவேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன்.

"நீங்க எந்த ஊர்?"

"திருநெல்வேலிப் பக்கம்."

"அட! எங்க அத்தை ஜங்ஷன்ல இருந்தா. நீங்க ஒரிஜினலாவே கிறிஸ்டியன்ஸா?"

"ஆமா. நாலு தலைமுறையா."

"அதுக்கு முன்னாடி?"

"தெரியலைங்க" என்றேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

காப்பி வந்தது. அவளுக்கு எவர்சில்வர் டம்ளர், டபரா. எனக்குப் பேப்பர் கப். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, சிரித்த முகம். அமெரிக்கா எவ்வளவு சௌகரியமான தேசம் பாருங்கள். ஊரில் இதற்கென்று தனியாக ஒரு டம்ளரைத் தேடி எடுத்து, கழுவி, கவிழ்த்து வைக்கவேண்டும். இங்கே ஐம்பது ஐம்பதாகக் கட்டி விற்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லமுடியாது. குடித்தபின் கசக்கிப் போட்டுவிடலாம்.

கப் சூடாக இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சர்ச் எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்று அவள் முந்திக்கொண்டாள். "நம்ம கோயில் மாதிரியேதான். பிரசாதம் தரா, தீர்த்தம் தரா. தீர்த்தம்தான் கொஞ்சம் காரமா இருக்கு."

"எல்லாரும் ஒரே கிண்ணத்துலதான குடிக்கோம்" என்று மட்டும் எனக்கு வந்தது.

"அது வெள்ளிக் கிண்ணமாச்சே! வெள்ளிக்கு எச்சில் தோஷம் கிடையாதுன்னு என் மாமியார் சொல்வா."

வெள்ளிக்குத் தோஷமில்லை. பேப்பருக்கும் தோஷமில்லை. நடுவில் இருக்கிற எவர்சில்வருக்குத்தான் என் வாய் ஆகாது.

எனக்கு இதெல்லாம் புதிதா என்று கேட்டால், இல்லை. எங்கள் ஊர் வேதக்கோயிலிலும் ஒரே கிண்ணம்தான். ஆனால் அதற்கு வரிசை உண்டு. பெரிய வீட்டுக்காரர்கள் முதலில் எழுந்து போவார்கள். அவர்கள் குடித்துத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தபிறகுதான் என் அப்பா எழுந்திருப்பார். ஒருநாளும் யாரும் சட்டம் சொன்னதில்லை. ஆகவே சாதி இந்துக்களை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. நாங்களும் அதைக் கழுவாமல்தான் ஞானஸ்நானம் எடுத்தோம்.

வசந்தா டம்ளரைக் கீழே வைத்தாள். குரல் மாறியது.

"இந்த இடம் கிடைக்கலேன்னா வேலை போச்சு. எனக்குக் கார் ஓட்ட வரலை. வேற டேகேர் எல்லாம் ஹைவே தாண்டி. மாமியாருக்கு விசா ரெண்டு தடவை இல்லேன்னுட்டான். 'வேலை எதுக்கு, வீட்ல இரு'ங்கறார் இவர். ரெண்டு வருஷமா டிவியும் குழந்தையும். எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்போல இருக்கு."

படித்தவள், பட்டுக்காரி, என் முன்னால் மூக்கை உறிஞ்சினாள். பாவமாக இருந்ததா என்றால், இருந்தது. பாவமாக இருந்ததே என்று என்மேல் எரிச்சலாகவும் இருந்தது. பாடம் பண்ணின வாக்கியத்தைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். பேப்பர் கப்பை நானே குப்பையில் போட்டேன்.

6

ஞாயிறு காலை மிஸஸ் விட்லாக் வாசலில் கண்ணால் கேட்டார், சொன்னாயா என்று. நான் தலையை ஒருமாதிரி அசைத்தேன். சொன்னேன் என்று எடுத்துக்கொண்டார்.

நற்கருணைக்கு எழுந்தேன். பீடத்தடியில் முழங்கால் போட்டபின்தான் பக்கத்தில் பட்டுப்புடவை சரசரத்தது. வசந்தா. குருவானவர் அவள் கையில் அப்பம் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டே வைத்தார். அவருடைய தைரியம் அவ்வளவுதான். பின்னாலேயே கிண்ணத்தோடு மிஸஸ் விட்லாக். நான் குடித்தேன். வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைச் சற்றுத் திருப்பி, வசந்தாவைத் தாண்டி, அவளுக்கு அப்புறம் இருந்த கிழவரிடம் போய் நின்றார்.

வசந்தாவின் முகம் அண்ணாந்தபடியே இருந்தது. கை பாதி தூக்கியபடி. என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. பின்னால் முப்பது பேருக்கும் புரிந்தது.

எங்கள் ஊரில் காக்க வைத்தார்கள். தாண்டிப் போனதில்லை.

"மிஸஸ் விட்லாக்," என்றேன், "யூ ஃபர்காட் ஹெர்."

முக்கால்வாசி காலியான கோயில். என் குரல் சுவரில் முட்டி எனக்கே திரும்பி வந்தது. எட்டு வருஷத்தில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் தவிர அங்கே நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். மெழுகுவர்த்தியோடு நின்ற ஷீபா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மிஸஸ் விட்லாக் என்னைப் பார்த்தார். இவர்களைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரே விஷயம் இதுதான்: இவர்கள் நரகத்துக்குப் பயப்படமாட்டார்கள், பிஷப்புக்குப் பயப்படமாட்டார்கள், நாலு பேர் திரும்பிப் பார்த்துவிட்டால் பயப்படுவார்கள். திரும்பி வந்தார். "ஆமாம், எவ்வளவு கவனக்குறைவு" என்று முணுமுணுத்துக் கிண்ணத்தைச் சாய்த்தார். வசந்தா குடித்தாள்.

நான் இரக்கத்தில் செய்தேன் என்று நினைக்கவேண்டாம். நான் குடித்த கிண்ணத்தில் அவள் குடிக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பீடத்தடியில் முழங்காலில் இருந்துகொண்டு நினைக்கிற நினைப்பா அது? இல்லை. ஆனால் அதைத்தான் நினைத்தேன். குழந்தையின் இடம் பற்றிய நினைப்பு அப்புறம்தான் வந்தது.

7

கார் நிறுத்துமிடத்துக்கு வசந்தா பின்னாலேயே ஓடி வந்தாள். "அவா ஏன் என்னைத் தாண்டிப் போனா?"

சொல்லிவிட்டேன். "அது ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்குத்தான். நேத்து அதச் சொல்லத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன்."

"வந்து காப்பி சாப்ட்டுட்டுப் போனேளே! சொல்லலியே?"

"சொல்லல. அப்புறம், அது தீர்த்தம் இல்ல. வைன்."

"வைனா?" புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆரம்பித்தாயிற்று, முழுவதும் முடித்துவிடலாம் என்று இருந்தது. "கிண்ணமும் வெள்ளி இல்ல. மேல முலாம்தான், உள்ள பித்தளை. மாசாமாசம் நான்தான் தேய்க்கேன்."

சரியாகப் போய்த் தைத்தது என்று நினைத்தேன். கத்துவாள், அழுவாள், இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று காத்திருந்தேன். அவள் காரைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே ரமணி குழந்தையோடு இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"இதனால நித்யா இடம் போயிடுமா?"

அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. எச்சில், வைன், பித்தளை எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்விக்குக் கீழே போட்டு மிதித்துவிட்டாள். நான் வைத்திருந்த அம்பு அத்தனையும் வீண்.

"போகாது. இப்ப இடம் குடுக்கலேன்னா, நடந்ததுக்காகத்தான் குடுக்கலைன்னு எல்லாரும் பேசுவாங்க. அதுக்குப் பயந்தே குடுத்துடுவாங்க. அடுத்த வாரமும் ஒண்ணுமே நடக்காத மாதிரி வாங்க. பீடத்துக்கு மட்டும் போகவேண்டாம், பெஞ்சிலயே இருங்க."

"இவர்கிட்ட வைன்னு சொல்லிடாதீங்கோ."

"நான் யார்கிட்டயும் பேசமாட்டேன்" என்றேன்.

காரில் ஏறியதும் ஷீபா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். பிறகு, "மம், யூ வேர் சோ லவுட்" என்றாள். கோபமா பெருமையா என்று அந்த இங்கிலீஷில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

புதன்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். நித்யா பெயர் இருந்தது. இரண்டு ஞாயிறு கழித்து வசந்தா சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் எதிர்பார்த்ததுதான், கணக்கில் ஒரு வாரம்தான் பிசகியது.

ஒண்ணாந்தேதி காலையில் குழந்தையை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று விண்ணப்பத் தாளை மேசைமேல் போட்டுவிட்டு ஓடினாள். குழந்தை என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தேன். அவசரத்துக்குக் கூப்பிட, பெற்றோர் தவிர உள்ளூரில் ஒருவர், உறவினராக இருக்கவேண்டும். அந்தக் கட்டத்தில் என் பெயர் இருந்தது. என் போன் நம்பர் இருந்தது. உறவு என்ற இடத்தில், 'தாயின் சகோதரி'.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு டம்ளர் எடுத்துக் கொடுக்க மனம் வராதவள், சொந்தத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இந்த ஊரில் எழுத அவளுக்கு வேறு பெயர் இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் குழந்தையை வைத்துக்கொள்ளமாட்டார்கள். பேனா மேசைமேல்தான் கிடந்தது. ஒரு கோடு போட்டால் போதும்.

மிஸஸ் விட்லாக் வந்து என் கையிலிருந்து தாளை வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

"ஜெய்! அவள் உன் சகோதரியா? முன்பே சொல்லியிருக்கலாமே. இப்போதுதான் கவனிக்கிறேன், முகச்சாயல் அப்படியே இருக்கிறது."

"தங்கச்சி" என்றேன். "சின்ன வயசுலேயிருந்தே கொஞ்சம் கர்வம் ஜாஸ்தி."